பிரதானிச் சங்கிலியின் நான்காவது தகடு

போன மாதம் எங்கள் தர்மபுரத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். பிள்ளைகள் ஒரு சரித்திர நாடகம் போடுகிறார்களாம். நானூறு வருடங்களுக்கு முந்திய ஐரோப்பிய அரசவைக் கதை. அதில் வரும் பிரதானிக்குத் தோளில் போட ஓர் உத்தியோகச் சங்கிலி வேண்டும். கிளிநொச்சியில் வாங்கிய பிளாஸ்ரிக் சங்கிலி ஒத்திகையிலேயே அறுந்துவிட்டது. என்னிடம் பழையது ஒன்று இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துத் தகடுகளை எண்ணினார். பதினெட்டு. பிறகு இரண்டு கேள்விகள் கேட்டார். பதினேழு தகடுகள் மஞ்சளாக இருக்க, இடத்தோளிலிருந்து நான்காவது மட்டும் ஏன் வெள்ளையாக இருக்கிறது? மற்றவை கறுப்பு நூலில் தைத்திருக்க, அது மட்டும் ஏன் சிவப்பு நூலில் தைத்திருக்கிறது?

வாய்ச்சொல்லில் பதில் சொல்ல முயன்றேன். முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு முப்பது வருடமாக உண்டு. கீழே உள்ளதை அந்தக் கொப்பிகளைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் உடுப்புக்காரன். முல்லைத்தீவில் கூத்துகளுக்கு உடுப்பும் முடியும் வாளும் செய்து கொடுத்த பேதுருப்பிள்ளையரிடம் இருபத்து நான்கு வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். பிறந்தது குடாநாட்டின் கரையோரக் கிராமம் ஒன்றில். தையல் தெரியும், தகரம் வெட்டத் தெரியும். மிச்சத்தை அவரிடம் கற்றேன். மூன்று வருடம் பிடித்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

பேதுருப்பிள்ளையரைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. மெலிந்த மனிதர். சத்தமாகக் கதைக்க மாட்டார். நல்லது என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. ஒரு சங்கிலி செய்து முடிந்தால் அதைப் பார்க்கவும் மாட்டார். யாரையாவது உடுப்போடு சங்கிலியையும் போட்டுப் பத்து அடி நடக்கச் சொல்லிவிட்டு, தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். கடைசி வரிசையில் இருப்பவனுக்குச் சங்கிலி தெரியாது, அதன் சத்தம்தான் கேட்கும் என்பது அவருடைய கணக்கு. பிஸ்கற் ரின்னில் வெட்டிய தகடுகள் கலகலவென்று கேட்டால், "சங்கிலி சிரிக்குது. பிரதானி சிரிக்கப்படாது" என்பார். அவ்வளவுதான். திரும்பவும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

சேர்ந்த இரண்டாம் வருடம் நடந்த ஒன்றை நினைத்தால் இன்றும் என் பல் கூசும். நான் தனியாகச் செய்த முதல் சங்கிலி அது. கயிற்றில் தகடுகளைக் கோத்து, நடுவில் ஒரு பதக்கம் தொங்கவிட்டுக் கழுத்தில் மாலை மாதிரிப் போட்டுவிட்டேன். ஐரோப்பாவில் பிரதானிகள் நின்றும் இருந்தும் கதைத்திருப்பார்கள். எங்கள் கூத்தில் பிரதானி ஆட வேண்டும். பிரதானியாக ஆடியவர் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியபோது பதக்கம் எழும்பி வந்து வாயில் அடித்தது. முன்பல் போய்விட்டது. வெள்ளைக் கழுத்துப்பட்டி முழுக்க இரத்தம். சனம் அதையும் கதையில் உள்ளது என்று நினைத்து வியந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் வாயைப் பொத்தாமல் பாட்டை முழுவதும் பாடி முடித்தார்.

பேதுருப்பிள்ளையர் என்னை ஏசவில்லை. விழுந்த பல்லைத் தேடி எடுத்துக் கடதாசியில் சுற்றி, என் ஊசிப் பெட்டிக்குள் வைத்தார். ஒவ்வொரு நாளும் ஊசி எடுக்கப் பெட்டியைத் திறக்கும்போது அது கிடக்கும். ஒரு வருடத்தின் பின் அவரே எடுத்து எறிந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் சங்கிலிகள் கழுத்தில் தொங்கவில்லை. அவை தோளில் கிடந்தன. முறையை எழுதுகிறேன். ஆடுபவருக்கு முழு உடுப்பையும் போட்டு, மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லி, ஒரு தோள் எலும்பிலிருந்து நெஞ்சு வழியாக மற்றத் தோள் எலும்பு வரை நூலால் அளக்க வேண்டும். அந்த அளவுக்கு இரண்டு விரல் அகலத்தில் கறுப்பு நாடா. தகடுகளை நாடாவில்தான் தைக்க வேண்டும், ஒன்றோடொன்று கோக்கக் கூடாது. அப்போதுதான் பாரம் துணியில் நிற்கும். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் இரண்டு பித்தளை வளையங்களைத் தளர்வாக விட வேண்டும். சத்தம் அவற்றிலிருந்துதான் வரும். இடத்தோளில் இரண்டு கொக்கி. வலத்தோளில் ஒன்று. மூன்றும் இழுத்தால் கழலும் மாதிரி இருக்க வேண்டும். ஏனென்றால் இந்தக் கதைகளில் பிரதானி எங்கேயாவது ஓரிடத்தில் சங்கிலியைக் கழற்றுவார். அது ஒரே இழுவையில் வர வேண்டும்.

ஆசிரியர் கையில் பிடித்த சங்கிலி ஐம்பதுகளின் நடுவில், பன்னிரண்டு வருடத்துக்கு முன் செய்தது. முல்லைத்தீவுக் கரையில் ஒரு கத்தோலிக்கக் கிராமம், பெயர் வேண்டாம். அந்தோனியார் கோயில் திருநாளுக்குப் புதுக் கூத்துப் பழகினார்கள். ஓர் அரசன் குற்றமற்ற ஒருவனுக்கு மரண ஓலை எழுதி, பிரதானியைக் கையொப்பம் வைக்கச் சொல்கிறான். பிரதானி மறுத்து, உத்தியோகச் சங்கிலியைக் கழற்றி அரசனின் காலடியில் வைக்கிறான். கூத்து முழுவதும் அந்த ஓர் இடத்துக்காகத்தான்.

கோயில் சுவாமியார் புதியவர். அவர் ஒரு புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்டினார். மென்மயிர்க் கழுத்துப்பட்டி வைத்த கறுத்த அங்கி, தட்டையான தொப்பி, தோளிலிருந்து தோளுக்கு அகலமான பொன் சங்கிலி. சங்கிலியின் ஒவ்வொரு தகட்டிலும் ஏதோ ஓர் உருவம் புடைத்துத் தெரிந்தது. பேதுருப்பிள்ளையர் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, வெறும் தகரம் இதற்குச் சரிவராது, உருவம் அடித்த தகடு பதினெட்டு வேண்டும் என்றார். அதை எங்கே எடுப்பது என்பது என் வேலை.

எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. கரையோரக் கோயில்களில் நேர்த்தி வைப்பவர்கள் வெள்ளியிலோ பித்தளையிலோ மெல்லிய தகட்டில் உருவம் அடித்துக் காணிக்கை கொடுப்பார்கள். கண் வருத்தத்துக்குக் கண், கால் நோவுக்குக் கால், கடலில் போனவருக்கு வள்ளம். நேர்த்தி நிறைவேறிய பழைய தகடுகள் கோயிலில் சும்மா கிடக்கும். கோயில் மூப்பரிடம் கேட்டேன். சாமான் அறையில் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் கழற்றின தகடுகள் கிடக்கின்றன, கூத்தும் அந்தோனியாருக்குத்தானே, எடுங்கோ என்று சொல்லித் அறைப் பூட்டின் திறப்பைத் தந்துவிட்டுக் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போய்விட்டார்.

அறையில் இரண்டு ரின்கள் இருந்தன. முதலாவதில் பதினொரு தகடுகள். எனக்குப் பதினெட்டு வேண்டும். இரண்டாவதைத் திறந்தேன். அதில் ஏழு. கணக்குச் சரியாக வந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைய கொப்பியில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஒரு வித்தியாசத்தை நான் கண்டேன். முதல் ரின்னில் இருந்த தகடுகளில் நூல் இல்லை. இரண்டாவதில் ஒவ்வொன்றும் ஒரு சிவப்பு நூல் வளையத்தில் இருந்தது, ஒவ்வொரு நூலிலும் இறுக்கமான ஒரு முடிச்சு. மூப்பரைக் கேட்டிருக்கலாம். கடற்கரை கூப்பிடு தூரம். ஆனால் ஐந்து மணி பஸ் போய்விடும் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் இந்தத் தகடுகளை ஆணியில்தான் அடிப்போம், நூலைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. நாடாவில் தைக்க இடைஞ்சலாக இருக்கும் என்று ஏழு வளையங்களையும் கத்தரிக்கோலால் வெட்டினேன். எதையும் எறியாத பழக்கம் எனக்கு. நூல்களை அந்தந்தத் தகட்டில் இருந்த உருவத்தின் பெயரை எழுதி ஏழு கடித உறைகளில் போட்டு வைத்தேன்.

தகடுகளுக்கு மஞ்சள் வார்னிஷ் பூசினேன். தூரத்தில் பார்த்தால் பொன். பேதுருப்பிள்ளையர் சுவரைப் பார்த்து நின்று கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அது பரிசு.

அந்தக் கிராமத்தில் ஒரு வழக்கம். கூத்துக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்ததும் உடுப்புகளையெல்லாம் கோயில் விறாந்தையில் பாயில் பரப்பி வைப்பார்கள். சுவாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். பிறகு சனம் வரிசையாக வந்து பார்க்கும். அன்றைக்கு நல்ல வெயில். அரசனின் அங்கி, முடி, வாள், கடைசியில் பிரதானியின் கறுத்த அங்கி, அதன் மேல் சங்கிலி. பிரதானியாக ஆடுபவர் வஸ்தியாம்பிள்ளை என்ற கடற்றொழிலாளி, பெரிய உடம்புக்காரர். பெண்கள் அவரைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தார்கள். "உந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு வலை இழுக்கப் போயிடாதையுங்கோ, மீன் எல்லாம் எழும்பி நிண்டு கும்பிடும்" என்று ஒருத்தி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு ஒரு பக்கத்திலிருந்து அடங்கிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தேன். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், எட்டு வயது மகளின் கையைப் பிடித்தபடி சங்கிலிக்கு முன்னால் நின்றாள். திரேசம்மா. அவளுடைய கணவர் மூன்று வருடத்துக்கு முன் மாரிக்காலத்தில் வள்ளத்தில் போனவர். வள்ளமும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை. அப்படிப் போனவர்கள் காற்றில் இழுபட்டுத் தூரதேசத்தில் கரைசேர்ந்து, வருடக்கணக்கின் பின் திரும்பி வந்ததும் அந்தக் கரையில் உண்டு. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவள் குனிந்து, இடத்தோளிலிருந்து நான்காவது தகட்டில் விரலை வைத்தாள். அதில் ஒரு வள்ளம். மற்ற வள்ளத் தகடுகள் வெறுமையாக இருக்கும். இதில் வள்ளத்துக்குள் ஓர் ஆள் நின்றார்.

"இதின்ர நூல் எங்கை?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை.

"நூல் கிடக்குது தங்கச்சி, கவனமா உறையில போட்டு வைச்சிருக்கிறன்" என்றேன். நான் சொன்ன மறுமொழிகளில் இதைவிட மடத்தனமானது வேறு இல்லை.

"அவிழ்த்ததோ, வெட்டினதோ?"

"வெட்டினது."

எனக்குப் பக்கத்தில் நின்ற வஸ்தியாம்பிள்ளை மெல்லச் சொன்ன பிறகுதான் விளங்கியது. அந்தக் கிராமத்தில், கேட்டது இன்னும் கிடைக்காதவர்களின் தகடு சிவப்பு நூலில் அந்தோனியார் சுரூபத்துக்குக் கீழே உள்ள கம்பியில் தொங்கும். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். கேட்டது கிடைத்தால் நன்றி சொல்லி அவிழ்ப்பார்கள். இல்லையென்று தெரிந்துவிட்டால் இறந்தோர் பூசைக்குக் கொடுத்துவிட்டு அவிழ்ப்பார்கள். தானாக அறுந்தால், அது அந்தோனியார் இல்லையென்று சொன்ன மறுமொழி. அதற்கு முந்திய கிழமை கோயிலுக்கு வெள்ளை அடிப்பதற்காகச் சுவாமியார் கம்பியைக் கழற்றி, வளையங்களை முடிச்சுக் குலையாமல் உருவி, அந்த இரண்டாவது ரின்னுக்குள் வைத்திருக்கிறார். திருநாளுக்கு முன் திரும்ப மாட்டுவதற்காக.

திரேசம்மாவின் கை மெல்ல எழும்பித் தன் கழுத்துக்குப் போயிற்று. தாலிக்கொடியைப் பிடித்தது. மகள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் கத்தரிக்கோல் ஒரு பெண்ணை எல்லோருக்கும் முன்னால் விதவையாக்கிக்கொண்டிருந்தது.

பேதுருப்பிள்ளையர் எனக்குப் பின்னால் இருந்து முன்னுக்கு வந்தார்.

"பிள்ளை, கையை எடு" என்றார். "நூலை வெட்டினது அந்தோனியார் இல்லை. இந்தா நிக்கிறான், கத்தரிக்கோல்காரன். இவன் சொல்லி ஒருத்தரும் சாகிறேல்லை."

அவள் என்னைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். கை கழுத்திலிருந்து இறங்கியது.

சுவாமியார் ஓடி வந்தார். அவருடைய முகம் எங்களுடையதைவிட வெளுத்திருந்தது. எல்லாத் தகடுகளையும் இப்போதே கழற்றிப் புது நூலில் கட்டுவோம் என்றார். மற்ற ஆறு வீட்டுக்காரரும் அதற்குச் சம்மதித்துத் தங்களுடையதை வாங்கிப் போய் மாலைக்குள் கட்டினார்கள். அவர்களில் ஒரு கிழவர் தன்னுடைய கால் தகட்டை வாங்கிக்கொண்டு, "எனக்கு நோவு குறையாததுக்குக் காரணம் இப்பத்தான் தெரியுது" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். ஒருவரும் சிரிக்கவில்லை.

திரேசம்மா மட்டும் தகட்டை வாங்கவில்லை.

"புதுசாக் கட்டினால் புதுசாக் கேட்ட மாதிரி, சுவாமி. நான் மூண்டு வரியமாக் கேட்டது என்னாகிறது?" என்றாள். பிறகு என்னிடம், "முடிச்சு இருக்குதோ?" என்று கேட்டாள்.

"இருக்கு. முடிச்சை நான் தொடேல்லை."

"அப்ப நான் கட்டினது கட்டினபடிதான் கிடக்குது. தகட்டையும் நூலையும் நீங்களே வைச்சிருங்கோ அண்ணை. வெட்டினது நீங்கள். அவர் வந்தால் நீங்கள்தான் அவருக்கு முகம் குடுக்கவேணும்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

கூத்துக்கு ஆறு நாள் இருந்தது. ஆறு தகடுகளைப் பித்தளையில் நானே அடித்தேன். நான்காவது இடத்துக்கும் ஒன்று அடிக்கத் தொடங்கியபோது பேதுருப்பிள்ளையர் என் கையிலிருந்த சுத்தியலை வாங்கி வைத்தார். "அதை விடு" என்றார். சற்றுப் பொறுத்து, "உனக்கு எண்ணத் தெரியும். கேக்கத் தெரியாது" என்றார். அவர் என்னிடம் சொன்ன மிகக் கடுமையான வார்த்தை அதுதான். சங்கிலி பதினேழு தகட்டோடும் ஓர் இடைவெளியோடும் மேடைக்குப் போயிற்று. வஸ்தியாம்பிள்ளை அதைக் கழற்றி அரசனின் காலடியில் வைத்தபோது கைதட்ட வேண்டிய சனம் தட்டவில்லை. எல்லோரும் இடைவெளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரேசம்மா அன்று வரவில்லை.

நான் அந்த வெள்ளித் தகட்டின் வார்னிஷைச் சாராயம் தொட்ட துணியால் துடைத்து வெள்ளையாக்கினேன். முடிச்சு நூல் இருந்த உறையோடு சேர்த்து, முன்பு பல் கிடந்த ஊசிப் பெட்டிக்குள் வைத்தேன். ஒவ்வொரு வருடமும் திருநாளுக்குப் போவேன். அவள் கூட்டத்துக்குள் என்னைக் கண்டுபிடித்து வருவாள். "இருக்குதோ, அண்ணை?" என்பாள். "இருக்கு தங்கச்சி" என்பேன். வேறு கதை இல்லை. பேதுருப்பிள்ளையர் காலமானார். கண் மங்கி நானும் வேலையை விட்டு, தர்மபுரத்தில் மகளின் வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகும் திருநாளுக்குப் போவதை விடவில்லை. பன்னிரண்டு வருடம் இப்படிப் போயிற்று.

இந்த வருடம் சித்திரை கழிந்து ஒரு நாள், காலை பத்தரை மணிக்கு, திரேசம்மா பஸ்ஸில் வந்து எங்கள் படலையைத் திறந்தாள். அவர் வந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். என்ன சொல்வது என்று பன்னிரண்டு வருடம் யோசித்து வைத்த ஒரு சொல்லும் நினைவில் வரவில்லை.

கதிரையில் இருந்தாள். தண்ணீர் குடித்தாள்.

"மகளுக்குக் கலியாணம் பேசி முடிஞ்சுது அண்ணை. கோயிலில கலியாண ஓலை எழுதப் போனால், தகப்பன் இருக்கிறாரோ இல்லையோ எண்டு சுவாமி கேட்டார். மகள் என்ர முகத்தைப் பாத்தாள்."

"என்ன சொன்னனீங்கள்?"

"நாளைக்குச் சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். தாங்கோ அதை."

பெட்டியைக் கொண்டுவந்து உறையை அவள் கையில் கொடுத்தேன். நூலின் சாயம் மங்கியிருந்தது, முடிச்சின் உள்பக்கம் மட்டும் நல்ல சிவப்பு. அவள் அதை மடியில் வைத்து நகத்தால் நெம்பினாள். நான் ஊசி நீட்டினேன், வேண்டாம் என்று தலையசைத்தாள். முடிச்சு அவிழப் பத்து நிமிடம் எடுத்தது. நூல் இரண்டு துண்டாக வந்தது.

"சனிக்கிழமை அவருக்குப் பூசை குடுக்கிறன்" என்றாள்.

தகட்டை அவள் கொண்டுபோவாள் என்று நினைத்துக் கடதாசியில் சுற்றத் தொடங்கினேன். அவள் தடுத்தாள்.

"இனி அது வெறும் தகடுதானே அண்ணை. அது இருந்த இடத்தில போடுங்கோ. இந்த நூலாலேயே தையுங்கோ."

சங்கிலியை எடுத்து மேசையில் விரித்தேன். இரண்டு துண்டு நூலும் இரண்டு துளைக்குச் சரியாக இருந்தன. கண் மங்கலால் இரண்டாவது துளையை இரண்டு தரம் தைக்க வேண்டியிருந்தது. முடித்ததும் அவள் சங்கிலியைத் தூக்கி ஒருமுறை அசைத்துக் கேட்டாள். வளையங்கள் அடங்கிய குரலில் சத்தமிட்டன. வள்ளத்துக்குள் அந்த ஆள் நின்றபடியே இருந்தார்.

பிறகு அவளுடைய கை கழுத்துக்குப் போய்த் தாலிக்கொடியைப் பிடித்தது. அந்த விறாந்தையில் போன அதே மாதிரி. கையை எடு என்று சொல்ல இந்த முறை பேதுருப்பிள்ளையர் இல்லை. நானும் சொல்லவில்லை. குனிந்து தகடுகளை எண்ணத் தொடங்கினேன். பதினெட்டு வரை எண்ணி, திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணினேன்.